‘நீ எந்த இனம்?’ என்று கேட்காமல் ஒரு தன்வரலாற்றை நடத்துவது எப்படி

இரண்டு இனப் பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்த ஒருவரின் தன்வரலாற்றை சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளித் தமிழ் மாணவர்களோடோ நூலக வாசகர் வட்டத்திலோ முதன்முறையாக நடத்தப் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. இப்படிப்பட்ட வகுப்புகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கெடும். புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில், அறையில் இருக்கும் கலப்புக் குடும்பத்துப் பிள்ளையின் பக்கம் பேச்சு திரும்பிவிடும். “உன் வீட்டுலயும் இப்படித்தானா?” என்று யாரோ கேட்பார்கள், பதினைந்து தலைகள் ஒரே நேரத்தில் திரும்பும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாய் திறக்காது. கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி, அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்ளத்தான். மீதிப் பாதி, எழுதியவர் தன் வாழ்க்கையிலிருந்து எதை எடுத்தார், எதை விட்டார், எந்த வரிசையில் வைத்தார் என்று மாணவர்களைப் பார்க்க வைப்பதற்கு.

நூலும் பகுதிகளும்

எந்த நூலுக்கும் இந்த முறை பொருந்தும். ஆனாலும் ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் பிடி கிடைக்கும் என்பதால், நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவாவின் ‘பார்ன் எ கிரைம்’ (‘குற்றமாகப் பிறந்தவன்’) நூலை இங்கே எடுத்துக்கொள்வோம். 2016இல் வந்த ஆங்கில நூல். ஆசிரியர் தென்னாப்பிரிக்காவின் ஜொகனஸ்பர்க்கில் 1984இல் பிறந்தவர். அம்மா கோசா இனத்துக் கறுப்பினப் பெண், அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வந்த வெள்ளையர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் உறவு கொள்வதைத் தடுத்த அந்நாட்டின் அன்றைய சட்டப்படி அவர் பிறப்பே ஒரு குற்றத்துக்குச் சாட்சி. தலைப்பு அதைத்தான் சொல்கிறது.

நூலில் 18 அத்தியாயங்கள். முழுவதையும் வகுப்பில் நடத்த நினைக்காதீர்கள். நேரம் போதாது, தேவையும் இல்லை. 2, 4, 8, 9 ஆகிய நான்கு போதும். பெற்றோர் சந்தித்த கதை, மொழிகளை வைத்துப் பிழைத்த கதை, அப்பாவைத் தேடிப் போன கதை, ‘கலர்ட்’ என்றழைக்கப்படும் கலப்பு வழிவந்த மக்கள் குடியிருப்பில் அந்நியனாக இருந்த கதை என்று அவை நான்கும் ஒன்றையொன்று தொடர்கின்றன. இளையர்களுக்காகச் சுருக்கிய பதிப்பு ஒன்று 2019இல் வந்திருக்கிறது. உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர்கள் என்றால் அதையே எடுங்கள். இங்கே கொடுத்திருக்கும் எண்கள் பெரியவர்களுக்கான பதிப்புக்குரியவை.

‘ஹிட்லர்’ என்ற பெயருள்ள நண்பன் வரும் 15ஆம் அத்தியாயத்தைப் போதிய வரலாற்று முன்னுரை இல்லாமல் தொட வேண்டாம். 18ஆவதில் மாற்றாந்தந்தை அம்மாவைத் துப்பாக்கியால் சுடுகிறார். அம்மா பிழைத்துக்கொள்கிறார், என்றாலும் வாசிப்பவருக்கு அது கனமான அத்தியாயம். நீங்கள் நடத்தாவிட்டாலும் ஆர்வமுள்ள பிள்ளைகள் வீட்டில் படித்துவிட்டு வருவார்கள். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

குழுவில் 12 முதல் 16 பேர் வரை இருக்கலாம். அமர்வு ஒவ்வொன்றும் 90 நிமிடம், மொத்தம் 5 அமர்வுகள். வீட்டில் படிக்க வாரத்துக்கு ஓர் அத்தியாயம். வகுப்பில் வரிவரியாகப் படிக்க ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நூல் ஆங்கிலத்தில் இருப்பதை நினைத்துத் தயங்க வேண்டாம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நீங்களே தமிழாக்கி, மூலத்தோடு சேர்த்து வகுப்பில் கொடுங்கள். அதைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுக்கு விடாதீர்கள்; பதிப்புரிமை உள்ள நூல். மாணவர்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும், நடுவில் ஆங்கிலம் வந்தாலும் வரட்டும். எழுத்துத் தமிழில் பேசியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் நல்ல கருத்துள்ள பிள்ளை முதலில் அமைதியாகும்.

ஒரு வாரத்துக்கு முன்

எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்: “அடுத்த வாரம் முதல் நாம் படிக்கும் நூலில் இன ஒதுக்கல், வீட்டு வன்முறை, வசைச்சொற்கள் வரும். வகுப்பில் யாரும் தம் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லாததால் மதிப்பெண் குறையாது. தனியாகப் பேச விரும்புகிறவர்கள் வகுப்புக்கு முன் வந்து பேசலாம்.”

கலப்புக் குடும்பம் என்று உங்களுக்குத் தெரிந்த பிள்ளையை மட்டும் தனியே அழைத்து, “உனக்குப் பரவாயில்லையாம்மா?” என்று கேட்க மனம் வரும். நல்லெண்ணத்தில் வருவதுதான், ஆனாலும் வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன்பே அவரை நீங்களே தனியே நிறுத்திவிடுகிறீர்கள். அதுவுமில்லாமல், யார் வீட்டில் என்ன கதை என்று பெயரையும் முகத்தையும் வைத்துக் கணிக்க முடியாது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அந்தக் காலத்தில் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அப்படி வளர்ந்து, சேலை கட்டி, பூ வைத்து, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும் பாட்டிகள் பல வீடுகளில் உண்டு. உங்கள் முன்னால் அமர்ந்திருக்கும் ‘சுத்தத் தமிழ்’ மாணவரே அந்தப் பாட்டியின் பேரனாக இருக்கலாம்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வரிசையில் அமர்ந்தால் திரும்பிப் பார்ப்பது பெரிய அசைவாகத் தெரியும். வட்டத்தில் யார் யாரைப் பார்க்கிறார் என்பது அவ்வளவாகத் தெரியாது. சின்ன ஏற்பாடுதான், பலன் பெரிது.

முதல் அமர்வு: இரண்டு ‘நான்’

தன்வரலாற்றில் ‘நான்’ என்று இரண்டு பேர் பேசுகிறார்கள். அன்று அனுபவித்த சிறுவன் ஒருவன், இன்று எழுதும் பெரியவர் ஒருவர். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

இரண்டாம் அத்தியாயத்தின் பூங்காக் காட்சியை எடுங்கள். அப்பாவும் மகனும் பொது இடத்தில் அப்பா மகனாக நடந்துகொள்ள முடியாத காலம். சிறுவன் அப்பாவைப் பார்த்துவிட்டு “டாடி!” என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்பா பதறிப்போய் ஓடுகிறார். பையன் துரத்துகிறான், அவனுக்கு அது ஓடிப் பிடிக்கும் விளையாட்டு.

ஆளுக்கு ஒரு நீலப் பென்சில், ஒரு சிவப்புப் பென்சில் கொடுங்கள். சிறுவனுக்கு அப்போதே தெரிந்த வரிகளுக்கு நீலம், எழுதும் பெரியவருக்கு மட்டுமே தெரிந்தவற்றுக்குச் சிவப்பு. 15 நிமிடம் தனியாக, 10 நிமிடம் இருவராக. முதல் சுற்றில் பலர் எல்லா வரிகளுக்கும் சிவப்பே போடுவார்கள், எல்லாம் இறந்தகாலத்தில் இருப்பதால். அப்போது விளக்கவுரை ஆற்றாதீர்கள். “இந்த வரியை அந்தச் சின்னப் பையன் வாயிலேயே சொல்ல வைக்க முடியுமா?” என்று மட்டும் கேளுங்கள். நிறம் தானாக மாறும். நீலமும் சிவப்பும் ஒரே வாக்கியத்துக்குள் மாறும் இடங்களைப் பலகையில் எழுதுங்கள். சிரிப்பும் வலியும் சேர்ந்து வருவது அந்த இடங்களில்தான் என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வாசித்துக் காட்டும்போது எந்தப் பாத்திரத்தின் உச்சரிப்பையும் நடித்துக் காட்டாதீர்கள், மாணவர்களையும் விடாதீர்கள். இந்த நூல் நகைச்சுவையாக எழுதப்பட்டது. நடிப்பு ஒருமுறை தொடங்கினால் அடுத்தது இங்குள்ள இனங்களின் உச்சரிப்பைக் கிண்டலடிப்பதில் போய் முடியும். வசைச்சொல் வரும் இடத்தில் “இங்கே ஒரு வசைச்சொல்” என்று சொல்லித் தாண்டுங்கள். அச்சில் இருக்கட்டும், வாயில் வேண்டாம்.

இரண்டாம் அமர்வு: சட்டமும் படிவமும்

அதிக உழைப்பு கேட்பது இந்த அமர்வு. மாணவர்களுக்குத் தென்னாப்பிரிக்கா எட்டாத தூரம். தேதிகளை ஒரு நீளத் தாளில் வரிசையாக எழுதி ஒட்டுங்கள். 1927: வெள்ளையரும் கறுப்பினத்தவரும் திருமணத்துக்கு வெளியே உறவு கொள்வதைத் தடுத்த ஒழுக்கக்கேட்டுச் சட்டம், ஆணுக்கு 5 ஆண்டு வரை சிறை, பெண்ணுக்கு 4 ஆண்டு வரை. 1949: கலப்பு மணத் தடைச் சட்டம். 1950: ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதியும் மக்கள் பதிவுச் சட்டம். 1957: பழைய ஒழுக்கக்கேட்டுச் சட்டத்துக்குப் பதில் புதியது. 1985: கலப்பு உறவையும் கலப்பு மணத்தையும் தடுத்த விதிகள் நீக்கம். 1991: மக்கள் பதிவுச் சட்டம் நீக்கம். நூல் 1927 சட்டத்தின் வாசகத்தோடு தொடங்குவதால், “84இல் பிறந்தவருக்கு எப்படி 27இன் சட்டம்?” என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார். 1957 என்ற கட்டம் அவருக்காகத்தான்.

இதோடு நிறுத்தினால் வேறு யாருடைய கதையோ போலிருக்கும். தில்லையாடி வள்ளியம்மையை இங்கே கொண்டுவாருங்கள். பெயரைக் கேள்விப்பட்ட மாணவர்கள் இருப்பார்கள். எதற்காகச் சிறை சென்றார் என்று தெரிந்தவர்கள் குறைவு. 1913இல் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண நீதிமன்றம், கிறிஸ்துவ முறைப்படி நடக்காத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்ற பொருளில் தீர்ப்பு வழங்கியது. இந்து, முஸ்லிம் மனைவிமார் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயினர். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் தமிழ்ப் பெண்கள் பெருமளவில் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதில் இறங்கிச் சிறை சென்ற வள்ளியம்மை அங்கே நோயுற்று, விடுதலையானதும் 1914 பிப்ரவரியில் இறந்தார், வயது 16. யார் யாருக்குக் குடும்பம் என்று அரசு முடிவு செய்யும் கதையில் தமிழர்களும் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் வகுப்பின் காது திறக்கும். இதற்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள், குறைக்க வேண்டாம்.

அடுத்து சிங்கப்பூர். இங்கே பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் இனம் என்றொரு கட்டம் உண்டு. 2011 ஜனவரி 1 முதல், இரு இனப் பெற்றோர் பிள்ளைக்கு ‘இந்தியர்-சீனர்’ என்பது போல இரண்டையும் சேர்த்துப் பதியலாம். அதற்கு முன் ஒன்றுதான், பெரும்பாலும் தந்தையினுடையது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைக்க 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் கணக்கில் முதலில் எழுதிய இனமே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே எது முன், எது பின் என்பது வெறும் அழகுக்காக அல்ல.

பலகையில் இரண்டு பத்திகள் போட்டு நான்கு கேள்விகள் எழுதுங்கள்: கட்டத்தை நிரப்புகிறவர் யார்? பிள்ளையின் பெற்றோருக்கு அதில் சொல் உண்டா? நிரப்பியதால் வாழ்க்கையில் எது மாறும்? மீறினால் தண்டனை என்ன? இடப்பக்கம் 1950இன் தென்னாப்பிரிக்கா, வலப்பக்கம் இன்றைய சிங்கப்பூர்.

இங்கே வகுப்பு இரண்டு பக்கமும் சறுக்கும். ஒரு சாரார் “ரெண்டும் ஒண்ணுதானே” என்பார்கள். அவர்களை நான்காவது வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். வலப்பக்கத்தில் அது காலி. இங்கே அப்பாவும் அம்மாவும் மணந்துகொண்டது குற்றமாக இருந்ததில்லை. இன்னொரு சாரார் “நமக்கு இந்தப் பிரச்சினையே இல்லை” என்பார்கள். அவர்களுக்கு மூன்றாவது வரிசை. அங்கே எழுத வேண்டியவை உண்டு. வீடு வாங்குவதும் விற்பதும் இருக்கிறது, பள்ளியில் எந்தத் தாய்மொழி என்ற கேள்வி இருக்கிறது. இரண்டு சாராரும் பலகையை வைத்தே பேச வேண்டும். உங்கள் சொந்தக் கருத்தைக் கேட்டால் அமர்வு முடியும்வரை சொல்லாதீர்கள். சொன்னதும் மாணவர்கள் அதையே கட்டுரையில் திருப்பித் தருவார்கள்.

மூன்றாம் அமர்வு: யார் யாரை எப்படி அழைக்கிறார்

நான்காம் அத்தியாயத்தில் தாத்தா பேரனை ‘மாஸ்டர்’ என்பது போல அழைக்கிறார், காரில் பின்னிருக்கையில்தான் உட்கார வேண்டும் என்கிறார், வெள்ளைக்கார முதலாளிக்கு ஓட்டுவதைப் போல. பாட்டியோ மற்றப் பேரப்பிள்ளைகளை அடிப்பவர், இவனை மட்டும் அடிப்பதில்லை. வெளுத்த தோலில் தழும்பு நிறம் நிறமாகத் தெரிகிறதாம். கிண்டலும் பாசமும் பயமும் ஒரே வீட்டுக்குள். ‘அழைப்பவர், அழைக்கும் சொல், மொழி, அதன் பின்னால் உள்ள உறவு’ என்று நான்கு பத்திகளில் இந்த அத்தியாயத்தை அட்டவணையாக்கச் சொல்லுங்கள். 25 நிமிடம்.

பிறகு சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று. யாருடைய சொந்தக் குடும்பமும் வேண்டாம், அட்டையில் எழுதிக் கொடுங்கள். அப்பா தமிழர், அம்மா கேண்டனீஸ் சீனர், அம்மாவின் அம்மா ஈசூன் வீட்டில் கூடவே இருக்கிறார், மகளுக்கு 14 வயது, பள்ளியில் தமிழ் படிக்கிறாள், பாட்டியை ‘போ போ’ என்கிறாள். தீபாவளிக்கு அப்பாவின் அக்கா வருகிறார். நால்வர் குழு ஒவ்வொன்றும் ஒரு சூழலுக்கு எட்டு வரி உரையாடல் எழுதட்டும்: மின்தூக்கியில் அண்டைவீட்டார் கேள்வி கேட்கும்போது, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்தில், தமிழ் வாய்மொழித் தேர்வுக்குக் கிளம்பும் காலையில்.

முதலில் எழுதிவருபவை இரண்டு வகைதான் இருக்கும்: அத்தை கத்துவார், அல்லது எல்லாரும் கட்டிப்பிடித்துச் சிரிப்பார்கள். திருத்துவதற்கு ஒரு வழி உண்டு. மேசையில் என்ன இருக்கிறது, யார் யாருக்கு எதைப் பரிமாறினார்கள், எதைத் தொடவில்லை என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அத்தை வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டை மெல்ல நகர்த்தி வைப்பார்; போ போ அவருக்கென்று தனியே முட்டை பொரித்துக்கொண்டு வருவார். தொலைக்காட்சி நாடகத்திலிருந்து உரையாடல் வெளியே வந்துவிடும்.

பலகையில் ‘கலப்பினம்’ என்று எழுதாதீர்கள். மாட்டுக்கும் விதைக்கும் சொல்வது. ‘கலப்புக் குடும்பம்’, ‘இரு இனப் பெற்றோரின் பிள்ளை’ என்றால் யாருக்கும் உறுத்தாது.

நான்காம் அமர்வு

எட்டாம், ஒன்பதாம் அத்தியாயங்கள். அப்பாவோடு பல ஆண்டுகள் தொடர்பற்றுப் போய், வளர்ந்தபின் தேடிச் சென்றால், மகனைப் பற்றிய செய்தித் துணுக்குகளை அவர் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கிறார். மாணவர்கள் தாமாகவே புரிந்துகொள்ளும் பகுதி; அதிகம் விளக்க வேண்டாம்.

ஒன்பதாவதற்குத்தான் முன்னுரை வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ‘கலர்ட்’ என்பது நேற்றுப் பிறந்த கலப்புப் பிள்ளைக்கான பெயர் மட்டுமல்ல. பல தலைமுறைகளாகத் தமக்கென மொழி, உணவு, பழக்கவழக்கம் கொண்ட சமூகம் அது. தோற்றத்தில் அவர்களைப் போலிருந்தும் நோவா அங்கே வெளியாள். பையன்கள் முசுக்கொட்டைப் பழத்தால் அடித்து விரட்டுகிறார்கள். இதை விளக்க நம்மிடம் அருமையான இணை உண்டு. மலாக்கா சிட்டிகள், தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததில் தோன்றிய சமூகம். மலாய் பேசும் இந்துக்கள். இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் அவர்களைப் பற்றிக் கண்காட்சியே நடத்தியது. இன்று தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் பிறக்கும் குழந்தை தானாகவே சிட்டி ஆகிவிடுமா என்று கேளுங்கள். ஆகாது என்று உடனே சொல்வார்கள். ஏன் என்று விளக்க முயலும்போது அத்தியாயம் விளங்கிவிடும்.

ஐந்தாம் அமர்வு: எழுதுவது

150 முதல் 200 சொற்கள், வகுப்பிலேயே, 40 நிமிடம். மூன்று தேர்வுகள் கொடுங்கள்: பூங்காக் காட்சியை அப்பாவின் வாயால் எழுதுவது; அட்டைக் குடும்பத்தின் ஒரு மாலை; தன் பெயரை யார் வைத்தார், வீட்டில் யார் எப்படிக் கூப்பிடுகிறார் என்பது. மூன்றாவதில் மட்டும் சொந்த வாழ்க்கை வருகிறது, அதையும் தேர்ந்தெடுப்பது மாணவர் விருப்பம். ‘என் அடையாளம்’ என்று தலைப்புக் கொடுத்தால் தேசிய தின உரைதான் வரும்.

“இனம் முக்கியமில்லை, மனிதம்தான் முக்கியம்” என்ற வரி எப்படியும் நாலைந்து தாள்களில் இருக்கும். அடித்துவிடாதீர்கள். பக்கத்தில் “எந்தப் பக்கத்தில் பார்த்தாய்?” என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள். சிலர் அந்த வரியை எடுத்துவிட்டுக் காட்சி ஒன்றை எழுதி வருவார்கள். 20 மதிப்பெண் என்றால் காட்சிக்கு 6, இரண்டு ‘நான்’களையும் பிரித்துக் காட்டியதற்கு 6, நுணுக்கமான விவரத்துக்கு 4, மொழிக்கு 4. கருத்துக்கு மதிப்பெண் வேண்டாம்.

எழுத்தில் வீட்டு வன்முறை தெரிந்தால் அதை இலக்கியமாகத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். பள்ளி என்றால் அன்றே பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். வாசகர் வட்டம் என்றால், 24 மணி நேரமும் இயங்கும் தேசிய வன்முறைத் தடுப்பு உதவித் தொலைபேசி எண் 1800-777-0000. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது.

தாள்களை எழுதியவர் கையிலேயே மடித்துத் திருப்பிக் கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, ‘சிறந்த படைப்பு’ என்று பள்ளி இதழுக்கு அனுப்புவது எதையும் எழுதியவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். மூன்றாம் தேர்வை எழுதியவர் என்றால், அவர் சம்மதித்தாலும் வீட்டாரிடம் காட்டிவிட்டாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதில் வரும் அத்தையும் அதைப் படிப்பார்.